மஞ்சக்காலி மறக்காத முகம்

மாப்பிள்ளை எப்போதும் ஆணியில் தொங்கிக்கொண்டிருப்பார். ரப்பர் முகம். ரோஜா நிறக் கன்னம், எண்ணெய் வைத்துப் படிய வாரியது போல அச்சடித்த முடி, வாய் கொள்ளாத பல். பொம்மைக்கடையில் பலூனுக்கும் பந்துக்கும் நடுவில் கிடந்ததை யாரோ வாங்கிவந்து, பறவை ஆராய்ச்சி நிலையத்தின் பின்கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். பெயர் வைத்தது வாட்ச்மேன்.

"மாமியார் வீட்டுக்கு முதல் தடவை சாப்பிட வந்த மாப்பிள்ளை மாதிரியே இளிக்குது பாரு."

அந்த வளாகத்து மரங்களில் இருந்த அத்தனை காக்கைகளுக்கும் உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான். பூனை இல்லை, பருந்து இல்லை. மாப்பிள்ளை. அந்த ரப்பர் கன்னம் பின்கதவைத் தாண்டி வெயிலில் தெரிந்தால் போதும், மரம் மரமாகக் கத்தல் பரவும். தலைக்கு மேல் வட்டமடிப்பார்கள், எச்சமிடுவார்கள், துணிச்சல்காரர்கள் இறங்கி உச்சியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள்.

எல்லாம் நிலையத்தின் ஏற்பாடு. காக்கை முகத்தை மறக்காது. தன்னைப் பிடித்தவன் முகத்தை வருடக்கணக்கில் மனசில் வைத்துக் கறுவும். கறுவுவதோடு நில்லாமல் பக்கத்து மரத்துக்கும் கோள் சொல்லும். அதனால் காக்கை பிடிக்கப் போகிறவர் மாப்பிள்ளையை மாட்டிக்கொண்டுதான் முற்றத்தில் காலை வைக்க வேண்டும். பிடிப்பது மனிதன், பழி ரப்பருக்கு. மாட்டாத முகத்தோடு அவர் முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாது. வருவதும் போவதும் பின்சந்துக் கதவு வழியாக, கூரையும் பக்கமும் தகரத்தால் அடைத்த நடைவழியில்.

மாப்பிள்ளைக்குள் இருந்தவரை எல்லோரும் வலைக்காரர் என்று கூப்பிட்டார்கள். காக்கா பிடித்துச் சம்பளம் வாங்கியவர். மனிதர்களில் மட்டும் ஒருத்தரைக்கூடக் காக்கா பிடிக்கத் தெரியாது.

பிடிப்பதே அவர் பிழைப்பாக இருந்தது. அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, மாமா வீட்டில் வளர்ந்தார். மாமாவுக்குக் கோழிக்கடை. கூண்டுக்குள் கையைவிட்டுக் கோழியைப் பிடித்துக் கொடுப்பது மருமகனின் வேலை. கை உள்ளே நுழையும்போதே கோழிகள் எல்லாம் பின்பக்கக் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொள்ளும். படிப்பு ஏறவில்லை, கை மட்டும் வேகமானது. அந்த வேகத்தைப் பார்த்து நகராட்சியில் நாய் பிடிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். 'நகராட்சி உத்தியோகம்' என்று மட்டும் சொல்லிப் பெண் கேட்டார்கள். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தெருவில் நடந்தபோது, தெருநாய்கள் அத்தனையும் வாலை இடுக்கிக்கொண்டு ஊளையிட்டபடி ஓடின. அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு உத்தியோகம் என்னவென்று விளங்கியது.

"மாலை மரியாதை இருக்கும்னு நினைச்சேன். நீங்க வந்தா தெருவே காலியாகுது" என்றாள்.

நாய் பிடித்த கையைப் பார்த்துத்தான் ஆராய்ச்சி நிலையம் கூப்பிட்டது. கோழி, நாய், காக்கை. ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் தன் வாழ்க்கையில் மற்ற உயிர்களின் முதுகைத்தான் அதிகம் பார்த்திருந்தார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஏதாவது ஓர் உயிர், ஒன்றே ஒன்று போதும், அவர் முகத்தைப் பார்த்ததும் அவரை நோக்கி வர வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிச்சயம் சிரித்திருப்பார்கள், நல்ல மனிதர்கள்.

ஆசைக்கு வழி தீனி அக்காவிடம் இருந்தது. முற்றத்தில் காக்கைகளுக்குத் தீனி வைப்பது அந்த அம்மாளின் வேலை. ஊறவைத்த தானியமும் நறுக்கிய அவித்த முட்டையும் ஒரு அலுமினியத் தாம்பாளத்தில் வரும். அக்காவுக்குக் காக்கை என்றால் பிடிக்கவே பிடிக்காது. "வந்துட்டீங்களா சனியன்களா, திங்கத்தானே பொறந்தீங்க" என்று வைதுகொண்டே வைப்பாள். அவள் தலை தெரிந்ததும் காக்கைகள் சுவரிலிருந்து தத்தித் தத்திக் காலடிக்கு வரும். ஒன்று அவள் முந்தானையைக்கூட இழுக்கும். தகர நடைவழியின் ஆணி ஓட்டை வழியாக வலைக்காரர் இதைப் பார்ப்பார். முந்தானை இழுபடும் இடத்தில் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்துவிடுவார். அதற்கு மேல் தாங்காது.

அக்கா வேலையைவிட்டு மகள் வீட்டோடு போகப் போகிறாள் என்று பேச்சு வந்ததும் அவர் பெரிய மேடத்தின் அறைக்குப் போய் நின்றார். நிலையத்தின் தலைவி அவர்தான்.

"மேடம், அக்கா வேலைய எனக்குக் கொடுங்க."

"அண்ணே, அதுக்குச் சம்பளம் கம்மி."

"பரவாயில்ல மேடம்."

"உங்க முகத்தை ஒரு காக்காகூடப் பாத்ததில்லையே?"

"ஒண்ணுகூடப் பாத்ததில்ல மேடம். பத்திரமா வச்சிருக்கேன்."

அப்படித்தான் சொன்னார், முகத்தை ஏதோ பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர் மாதிரி. அது உண்மையும்கூட. கல்யாணத்துக்கு வாங்கிக் கட்டாமல் மடித்து வைத்த புடவை போல அவருடைய முகம் செலவாகாமல் இருந்தது. மேடம் சரி என்றார்.

மேடத்தின் இன்னொரு ஆராய்ச்சி இது: யாரோடு வாழ்ந்தால் யாருக்கு மூளை பெரிதாகும். உள்ளே ஓர் அறையில் மண்டையோடுகள் வரிசையாக இருந்தன. வாத்து, புறா, கிளி, குயில், சேவல், காக்கை. ஒவ்வொரு மண்டையோட்டிலும் பின்னால் இருக்கும் ஓட்டை வழியாகக் கடுகைவிடச் சின்னதான கண்ணாடி மணிகளை ஊற்றி நிரப்பி, திரும்ப அளவுக்குழாயில் கொட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு பிடித்ததோ அவ்வளவு மூளை. இதைச் செய்ய மேற்படிப்பு வேண்டாம், கை நடுங்காமல் இருந்தால் போதும். வலை இல்லாத நாட்களில் வலைக்காரர்தான் செய்வார்.

"கூட்டமா இருக்கிற பறவைக்குத்தான் மூளை பெருசா இருக்கும்னு ரொம்ப பேர் நினைச்சாங்க அண்ணே" என்று ஒரு நாள் மேடம் மணிகளை ஊற்றியபடி சொன்னார். "அப்படி இல்ல. ஆயிரம் பேரு கூட்டத்துல பக்கத்துல யாருன்னே பாக்க வேணாம், சும்மா பறந்தாப் போதும். ஒரே ஒரு ஜோடியோட காலம் பூரா குடித்தனம் பண்ணணும்னாத்தான் மூளை செலவாகும். அதுக்குப் பசியா, கோவமா, ஏமாத்துதா, எங்க போயிருக்கு, எப்ப வரும். ஓயாம கணக்குப் போட்டுட்டே இருக்கணும்."

"அப்ப சேவலு மேடம்?"

"ஏகப்பட்ட பொண்டாட்டி. எதையும் யோசிக்க வேணாம். குறைச்சல்தான்."

"குயிலு?"

"பிள்ளைய அடுத்தவன் வீட்டுல விட்டுட்டுப் போற ஜாதி. அதுக்கும் குறைச்சல்தான்."

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் இதை ஒப்பித்தார். அவள் தையல் பட்டறையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து வீட்டில் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இருப்பதோ ஒரே அறை, அதில் பாதி சட்டைக் குவியல். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டாள்.

"அப்ப இத்தனை வருஷம் உங்களோட இருந்ததுக்கு என் தலை இந்நேரம் பூசணி அளவு வந்திருக்கணுமே."

"எனக்கும்தான் வந்திருக்கும்."

"உங்களுக்கு எதுக்கு? கணக்குப் போடறது பூரா நான். நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டுற சத்தத்துலயே எனக்குத் தெரியும், இன்னைக்கு எத்தனை சிக்குச்சு, மனுசன் என்ன லட்சணத்துல வர்றார்னு. நீங்க என் மூஞ்சியப் பாத்து என்னைக்காவது எதையாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?"

அவர் உற்றுப் பார்த்தார்.

"தலைவலியா?"

"பசி" என்றாள்.

அவள் வாய் அப்படி. ஆனால் அவர் தீனி வேலை கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சட்டைத்துணி எடுத்துத் தைத்து வைத்தாள். காஜா எல்லாம் அவள் கையால் எடுத்தது.

வளாகத்தின் பெரிய மரத்தில் ஒரு ஜோடி இருந்தது. காலில் மாட்டிய வளையத்தின் நிறத்தை வைத்து ஆணுக்குச் செங்காலன், பெண்ணுக்கு மஞ்சக்காலி. மற்ற ஜோடிகள் சண்டை போட்டுக்கொள்ளும். இந்த இரண்டும் ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிக்கொண்டு ஒரே கொப்பில் உட்கார்ந்திருக்கும். செங்காலன் முட்டைத் துண்டைக் கவ்வினால் தின்ன மாட்டான். கொண்டுபோய் அவள் வாயில் வைப்பான். அவள் தின்றுவிட்டு, பற்றவில்லை என்று திட்டுவாள். ஆணி ஓட்டை வழியாகப் பார்த்து வலைக்காரர் சிரித்துக்கொள்வார். அந்தத் திட்டு அவருக்குப் பழகிய ராகம்.

அக்கா விடைபெறச் சில வாரங்கள் இருந்தபோது, செங்காலனின் கால்வளையம் உடைந்துவிட்டது. பிடித்து வேறு மாட்ட வேண்டும். மாப்பிள்ளையாக அவர் போட வேண்டிய கடைசி வலை அதுதான். விடியற்காலைப் பனியில் விரித்துவிட்டு, மதில் மறைவில் கயிற்றோடு உட்கார்ந்தார். செங்காலன் தீனிக்கு இறங்கினான். கயிறு ஈரத்தில் விறைத்திருந்தது. இழுத்தார், கயிறு ஒரு நொடி மக்கர் பண்ணியது. அந்த ஒரு நொடியில் செங்காலன் இறக்கை விரித்து எழும்பிவிட்டான். சுருண்டு விழுந்த வலையின் இரும்புக்கம்பி நேராக அவன் கழுத்தில் இறங்கியது.

ஓடிப்போய் எடுத்தபோது உடம்பு சூடாக இருந்தது. தலை மட்டும் எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கமே சாய்ந்தது. வலையில் ஒன்று செத்தால் உடனே கறுப்புத் துணிப்பையில் போட்டு மறைத்து, உள்ளே குளிர்ப்பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது கட்டளை. அவர் பையை எடுக்கவில்லை. மதில் மேல் மஞ்சக்காலி வந்து உட்கார்ந்திருந்தாள். மற்றக் காக்கைகள் மேலே சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அவள் கத்தவில்லை. அவள் தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது, திட்டுவதற்கு முன்னால் வரும் அந்தச் சத்தம். 'எங்கே போய்த் தொலைந்தாய்' என்பது போல.

வலைக்காரருக்கு என்ன தோன்றியது என்றால், மன்னிப்புக் கேட்க வேண்டும். அதிலும், பல்லை இளித்துக்கொண்டு கேட்கக் கூடாது. ரப்பருக்குள் அவர் முகம் நனைந்திருந்தது. வெளியே மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். ஒருத்தியின் புருஷனைக் கொன்றுவிட்டு அவள் எதிரில் இப்படியா நிற்பது?

மாப்பிள்ளையைக் கழற்றினார்.

செங்காலனை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, மதிலுக்கு அருகில் போய், நாய்க்கும் கோழிக்கும் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். "வேணும்னு செய்யலம்மா. கயிறு சிக்கிடுச்சு. மன்னிச்சுக்கோ."

மஞ்சக்காலியின் சத்தம் நின்றது. தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தாள். அப்புறம் மறுபக்கம் சாய்த்து வலது கண்ணால் பார்த்தாள். நெற்றி, மூக்கு, மீசை, ஈரமான கன்னம். யாரும் அவரை அப்படி நிதானமாகப் பார்த்ததே இல்லை. பெண் பார்க்கப் போனபோது அவர் பெண்டாட்டிகூட ஒரு நிமிஷத்தில் முடித்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக மதிலில் வந்து உட்கார்ந்து அமைதியானார்கள்.

மன்னித்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். பாவம், அந்த மனிதர் அப்படித்தான் நினைத்தார். அவள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

கழற்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு. அந்தக் காலையில் முற்றத்தில் வேறு ஆளும் இல்லை. செங்காலனைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையை ஆணியில் மாட்டிவிட்டு, நடைவழி வழியாக வீட்டுக்குப் போனார். கூடு கட்டும் காலம் தொடங்கியதால் வலைக்கு ஓய்வு. பகல் முழுக்க மண்டையோட்டு அறையில் மணி ஊற்றினார். ஒரு நாள் மட்டும் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து உச்சந்தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது. குஞ்சு வைத்திருக்கிற காக்கை யாரையும் கொத்தும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பெண்டாட்டியின் விரல் காயத்தில் நின்றது.

"என்ன இது?"

"கம்பி குத்துச்சு."

"மேல இருந்து கீழ வந்து குத்துச்சாக்கும், ரெக்கை வச்ச கம்பி."

அவள் காயத்தைச் சுற்றி எண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே, "கழட்டுனீங்களா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னார். ஏந்திக்கொண்டு நின்றதையும், மஞ்சக்காலி இரண்டு கண்ணாலும் பார்த்ததையும். கேட்டுவிட்டு அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

"மன்னிப்புக் கேக்கப் போறவங்க பொணத்தைக் கையில வச்சுக்கிட்டா போவாங்க?"

"அது சத்தம் போடலம்மா. அமைதியா ஆயிடுச்சு."

"நானும்தான் அமைதியா ஆவேன். அப்பல்லாம் உங்களை மன்னிச்சிட்டேன்னா நினைச்சீங்க?"

அவர் நினைத்துக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருஷமாக.

மேடத்திடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சொன்னால் தீனி வேலை போய்விடும் என்றார். சொல்லாவிட்டாலும் போகும் என்றாள். அவர் சொல்லவில்லை. பூட்டி வைத்த முகம் பழுதில்லாமல் இருக்கிறது என்றுதான் நம்ப விரும்பினார். அதை நம்பாவிட்டால் அவரிடம் நம்புவதற்கு வேறு எதுவும் இல்லை.

அந்த நாள் வந்தது. சவரம் செய்து, அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். அவள் பட்டறைக்குச் சட்டைக் கட்டைக் கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு கூடவே வந்தாள். பட்டறை இருப்பதோ எதிர்த்திசையில். முற்றத்துக் கம்பிக்கதவுக்கு வெளியே கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மேடம் மாடி ஜன்னலில் இருந்தார். தீனி அக்கா தாம்பாளத்தைக் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க தம்பி. திங்கிற வாய் கையத்தான் பாக்கும், ஆளைப் பாக்காது."

வலைக்காரர் பின்கதவைத் திறந்து, முதல் முறையாகச் சொந்த முகத்தோடு முற்றத்து வெயிலில் இறங்கினார்.

மரங்களில் சத்தமே இல்லை. சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாம்பாளத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, ஆணி ஓட்டையின் பின்னால் இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த குரலில், "வாங்க, வாங்க" என்றார்.

பெரிய மரத்திலிருந்து மஞ்சக்காலி ஒரே ஒரு குரல் கொடுத்தாள்.

வந்தார்கள். சுவரிலிருந்து, மரத்திலிருந்து, பக்கத்துக் கட்டடத்துக் கைப்பிடியிலிருந்து, வானம் கிழிகிற மாதிரி கத்திக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையைக்கூட இப்படித் துரத்தியதில்லை. மாப்பிள்ளை வெறும் பிடிக்கிறவர். இவர் பிணத்தோடு நின்றவர். தாம்பாளம் கவிழ்ந்து முட்டையும் தானியமும் மண்ணில் சிதறின. ஒருவரும் அதைச் சீண்டவில்லை. அலகு தலையிலும் காதிலும் பட்டது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, கைகளைத் தொங்கப்போட்டு அவர் அப்படியே நின்றார். ஓடினால் தான் திருடன் என்று ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

கம்பிக்கதவுப் பக்கமிருந்து வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"யோவ், மாப்பிள்ளையைக் கழட்டாமலே வந்துட்டியாய்யா?"

அவன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. கம்பிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது வலைக்காரரின் பெண்டாட்டிதான். சட்டைக் கட்டை அவிழ்த்து, ஒரு சட்டையை அவர் தலைமேல் போட்டு, கோழிக்குஞ்சைக் கூடையில் மூடுகிற மாதிரி மூடி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். முகம் மறைந்ததும் கத்தல் குறைந்தது. அவளை ஒரு காக்கையும் தொடவில்லை.

மேடம் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் திட்டவில்லை. காயத்துக்கு மருந்து போடச் சொல்லிவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் கண் மினுமினுத்தது.

"ஒரே ஒரு தடவைதான் கழட்டுனீங்களா?"

"ஆமா மேடம்."

"எவ்வளவு நேரம்?"

"மன்னிப்புக் கேக்கிற நேரம்."

"அதுக்கப்புறம் அவங்க கண்ணுல நீங்க படவே இல்ல. ஆனாலும் இத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு." மேடம் எழுந்து நடந்தார், திரும்பவும் உட்கார்ந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. தீனி வேலை இனிமே உங்களுக்குச் சரிப்படாது. ஆனா உங்க முகம் எங்களுக்கு ரொம்ப உபயோகம். தினமும் காலையில ஒரு தடவை முற்றத்துல சும்மா நடந்துட்டு வருவீங்களா? கையில ஒண்ணும் வேணாம். எத்தனை காலம் ஞாபகம் வச்சிருக்காங்க, பிறக்கிற குஞ்சுங்களுக்குச் சொல்லித் தர்றாங்களான்னு பாக்கணும். தலைக்கு வேணா ஹெல்மெட் தரேன். முகம் மட்டும் தெரியணும்."

அவமானப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. நல்ல மாம்பழம் கிடைத்த சந்தோஷம், அவ்வளவுதான். வலைக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் வாசலில் ரத்தக்கறை பட்ட சட்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு அந்தச் சட்டை ஆகாது.

"சரி மேடம்" என்றார். மறக்கிற வரைக்கும் நடப்போம், மறந்ததும் தீனி கேட்போம் என்பது அவர் கணக்கு. அவர் போட்ட கணக்கு வேறெது சரியாக வந்தது?

தீனி வேலை வாட்ச்மேனுக்குப் போனது. அவன் தாம்பாளத்தில் இருந்த அவித்த முட்டையில் பாதியைத் தானே தின்றுவிட்டு மீதியை வைத்தான். காக்கைகள் அவன் காலைச் சுற்றித் தத்தின.

வலைக்காரர் ஒவ்வொரு காலையும் ஹெல்மெட்டோடு நடந்தார். மழை வந்து போனது, வெயில் வந்து போனது, சில வருஷம் இப்படியே ஓடியது. மஞ்சக்காலி வேறு ஜோடி சேரவில்லை. தனிக்கொப்பில் உட்கார்ந்திருப்பாள், அவர் தலை தெரிந்ததும் அதே ஒற்றைக் குரல். முதலில் மறப்பவள் அவளாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். பிறகு மெல்ல மெல்ல வேண்டுவது நின்றது. காலையில் அவள் குரல் கொஞ்சம் தாமதித்தால் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

"ஒரு நாள் விடாம உங்களுக்காகக் காத்திருக்கா" என்றாள் பெண்டாட்டி, காஜா எடுத்தபடி. "எனக்கே அவ்வளவு பொறுமை கிடையாது."

"கேலி பண்ணாத."

"கேலி இல்லீங்க. நிசமாத்தான் சொல்றேன்." நூலைப் பல்லால் கடித்தாள். "நாளைக்கு நடக்கலன்னு சொல்லிடுங்க. மணி ஊத்துற வேலை போதும்."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்."

அவள் அதற்குப் பதில் சொல்லாமல் அமைதியானாள். இந்தத் தடவை அது மன்னிப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் தலையும் கொஞ்சம் பெருத்திருக்கலாம்.

ஒரு காலையில் குரல் வரவில்லை. பெரிய மரத்தடியில் மஞ்சக்காலி கிடந்தாள், கால் மடங்கி, மஞ்சள் வளையத்தில் எறும்பு ஏற. வயசாகிவிட்டது, அவ்வளவுதான். மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"அண்ணே, இன்னைக்குத்தான் முக்கியமான நாள். தூண்டிவிடறது அவதான். அவ போயாச்சு. மிச்சப் பேர் முக்கால்வாசி போன வருஷத்துக் குஞ்சுங்க, உங்களை வலையோட பாத்ததே இல்ல. ஒரு நடை நடந்துட்டு வாங்களேன். ஹெல்மெட் வேணாம்னு தோணுது."

அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போய், தண்ணீர் தொட்டு முடியைப் படிய வாரிக்கொண்டார். வாட்ச்மேனிடம் கேட்டு ஒரு பிடி முட்டைத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கொலை நடந்தபோது முட்டைக்குள்கூட இல்லாதவர்கள் அவர்கள். அவர்களுக்கும் அவருக்கும் ஒரு பகையும் இல்லை.

முற்றத்தில் இறங்கினார். சுவரில் பளபளக்கும் இளம் காக்கைகள். ஒருவன் தலையைச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தான். மறுபக்கம் சாய்த்து வலது கண்ணால் பார்த்தான்.

அவர் கையை நீட்டினார்.

அந்தக் குரலை, அவள் கொடுத்த அதே ஒற்றைக் குரலை, அவன் கொடுத்தான்.

வாழ்க்கை முழுக்க அவர் கேட்டது அதுதானே. அவரைப் பார்த்ததும் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். காது மடல் கிழிந்து, சட்டைக் காலரில் ரத்தம் இறங்க அவர் திரும்பி வந்தபோது, மேடம் மாடிப்படியில் நின்று பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, அழகா சொல்லிக்கொடுத்திருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு பெருமை.

சில வாரம் கழித்து, சுத்தம் செய்து உலர்த்திய மண்டையோடு மணி ஊற்றும் மேசைக்கு வந்தது. மஞ்சள் வளையம் ஒரு நூலில் கட்டியிருந்தது. மற்ற எல்லாவற்றையும் போல இதையும் அவர்தான் நிரப்ப வேண்டும்.

உடனே ஊற்றவில்லை. கைக்குள் அடங்கிய அந்த வெள்ளைக் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இடது பக்கத்துக் கண்குழிக்குத் தன் முகத்தைக் காட்டினார். மெதுவாகத் திருப்பி, வலது பக்கத்துக்கும் காட்டினார். குரல் ஒன்றும் வரவில்லை. இவ்வளவு சின்ன இடத்தில்தான் அவர் மூக்கும் மீசையும் ஈரக்கன்னமும், ஒரு மதில் சுவரும், செங்காலனும் இருந்திருக்கிறார்கள். வீட்டில்கூட அவருக்கு அவ்வளவு இடம் இல்லை. அங்கே பாதி சட்டைக் குவியல்.

பின்பக்க ஓட்டையில் புனலை வைத்து, கண்ணாடி மணிகளை ஊற்றினார். விளிம்புவரை வந்தது. விரலால் இலேசாகத் தட்டினார். மணிகள் உள்ளே இறங்கின. இன்னும் கொஞ்சம் பிடித்தது.